மூவடி மண்

‘அவதாரம்’ என்பது வடசொல். ‘இறங்கி வருதல்’ என்பது அதன் பொருள். உயர்ந்த நிலையில் உள்ள இறைவன், உயிர்களின் துயர் துடைக்கும் பொருட்டு அவ்வுயிர்களுள் ஒன்றாய் நிலவுலகிற்கு இறங்கி வருகின்றான் என்னும் நம்பிக்கை இச்சொல்லுள் அடங்கியிருக்கின்றது. அறம் தளர்ந்து மறம் தலையெடுக்கும் போதெல்லாம் தான் தோன்றுவதாகக் கண்ணன் அருச்சுனனுக்கு உரைத்த செய்தி பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில் காணப்படுகின்றது.

திருமாலின் அவதாரங்கள் பத்து என்பது பெருவழக்கு. மீன், ஆமை, பன்றி, ஆளரி, வாமனன், பரசுராமன், இராமன், பலராமன், கண்ணன், கற்கி என்று அவற்றை வரிசைப்படுத்துவர். பலராமனை விடுத்துப் புத்தரைச் சேர்த்து எண்ணுவோரும் உளர். பாகவத புராணமோ தன் முதற் கந்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட அவதாரங்களைக் கூறிவிட்டு, வற்றாத ஏரியினின்றும் பிரிந்தோடும் வாய்க்கால்களைப் போல அவை எண்ணில் அடங்காதவை என்று முடிக்கின்றது.

இவ்வவதாரக் கதைகளுள் பல, போர்க் கதைகளே. இரணியனது மார்பைப் பிளந்தது ஆளரி. இராவணனை வீழ்த்தியது இராமன் அம்பு. கஞ்சனை மடித்தது கண்ணன் கை. ஆனால் ஐந்தாம் அவதாரத்தின் கதை வேறு தன்மையது. அங்கே இறைவன் வில்லேந்தி வரவில்லை, வாளேந்தியும் வரவில்லை. தாழங்குடையும் நீர்க்கலமும் ஏந்தி, ஒரு சிறுவனாய், இரவலனாய் வந்தான். எதிரே நின்றவனும் கொல்லப்படவில்லை. தோற்றவன் என்று கருதப்பட்ட அவனை இன்றும் மக்கள் ஆண்டுதோறும் விழாவெடுத்து வரவேற்கின்றனர். அவன்தான் மாவலி. இவ்வியப்புக்குக் காரணம் யாது என்பது ஆராயத்தக்கது.

இக்கதையின் வேர் மிகப் பழமையானது. வேதங்களுள் தொன்மை வாய்ந்ததாகிய இருக்கு வேதம், திருமாலை மூன்று அடிகளால் உலகை அளந்தவன் என்று போற்றுகின்றது. அவனுடைய முதல் இரண்டு அடிகளை மாந்தர் காணலாம். மூன்றாம் அடியைப் பறவைகளும் பறந்து எட்ட இயலாது என்பது அப்பாடல்களின் கருத்து. அம்மூன்று அடிகள் யாவை என்பது பற்றிப் பண்டை உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மண், இடைவெளி, விண் என்னும் மூன்றிடங்களே அவை என்றார் சாகபூணி. ஞாயிற்றின் தோற்றம், உச்சி, மறைவு ஆகிய மூன்று நிலைகளே அவை என்றார் ஔர்ணவாபர். இவ்விருவர் கருத்தையும் யாஸ்கர் தம் நிருத்த நூலில் குறித்துள்ளார். ஆனால் இருக்கு வேதப் பாடல்களில் குறளுருவம் இல்லை, மாவலியும் இல்லை.

பின்னர்த் தோன்றிய சதபத பிராமணத்தில் கதை ஒருபடி வளர்கின்றது. அசுரர்கள் நிலவுலகைத் தமக்கு உரியதெனக் கொண்டு, எருதின் தோலால் அளந்து பங்கிடத் தொடங்கினர். தேவர்கள் வேள்வியின் வடிவாகிய திருமாலை முன்னிட்டுச் சென்று தமக்கும் பங்கு வேண்டினர். அசுரர் மனமின்றி, “இவர் படுத்தால் எவ்வளவு இடம் கொள்ளுமோ அவ்வளவு தருவோம்” என்றனர். திருமால் அப்போது குறள் வடிவினராய் இருந்தார். ஆயினும் தேவர்கள் அவ்வேள்வியின் துணைகொண்டே நிலம் முழுவதையும் பெற்றனர் என்பது அந்நூல் கூறும் செய்தி. இங்கே குறளுருவம் வந்துவிட்டது; மாவலி இன்னும் வரவில்லை. இராமாயணத்திலும் புராணங்களிலுமே மாவலி என்னும் மன்னன் கதையின் நடுவிடத்தைப் பெறுகின்றான். அளக்கும் இறைவன் மட்டும் இருந்த கதையில், கொடுக்கும் மனிதப் பண்பும் வந்து சேர்ந்தது. அதன் பின்னரே அக்கதை மக்கள் நெஞ்சில் நிலைத்தது எனலாம்.

மாவலி அசுர குலத்து வேந்தன், விரோசனனின் மகன், திருமாலிடம் பேரன்பு பூண்ட பிரகலாதனின் பேரன். அவன் தன் ஆசிரியராகிய சுக்கிராசாரியாரின் துணையால் பெருவேள்வி இயற்றி, வலிமை பெற்று, இந்திரனுடைய அமராவதியைக் கைப்பற்றினான். தேவர்கள் நாடிழந்து மறைந்து திரிந்தனர். மூவுலகும் மாவலியின் குடைக்கீழ் வந்தன. அவனது ஆட்சியில் கொடை தழைத்தது. வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. எனினும் பிறருக்கு உரிய உலகைத் தன் வலிமையால் கவர்ந்தவன் அவன் என்பதும் உண்மையே. ‘இல்லை என்னாத வள்ளல் யான்’ என்னும் செருக்கும் அவன் உள்ளத்தே சிறிது குடிகொண்டிருந்தது.

தேவர்களின் தாயாகிய அதிதி, தன் மக்களின் நிலை கண்டு வருந்தினாள். கணவராகிய காசிப முனிவரின் அறிவுரைப்படி, பன்னிரண்டு நாள் பாலையே உணவாகக் கொண்டு நோன்பு நோற்றாள். அதன் பயனாகத் திருமால் அவளுக்கு மகனாகத் தோன்றினார். ஆவணி, புரட்டாசித் திங்கள்களை ஒட்டிய திருவோண நன்னாளில் அப்பிறப்பு நிகழ்ந்தது என்பர். பிறந்த குழவி குறள் வடிவம் கொண்டது. அதனால் வாமனன் எனப் பெயர் பெற்றது. அச்சிறுவனுக்குப் பூணூல் அணிவித்த போது, நிலமகள் மான்தோலும், திங்கள் கைக்கோலும், வானம் குடையும், நான்முகன் நீர்க்கலமும், குபேரன் இரவோடும் தந்தனர் என்று பாகவதம் கூறுகின்றது. அவ்வோட்டில் முதற் பிச்சையிட்டவள் உமையம்மை.

அக்காலத்து நருமதை ஆற்றின் வடகரையில், பிருகு கச்சம் என்னும் இடத்தில், மாவலி வேள்வி செய்துகொண்டிருந்தான். இன்று குசராத்து மாநிலத்தில் பரூச்சு என வழங்கும் ஊரே அது என்பர். வேள்விச் சாலையை நோக்கி வாமனன் நடந்தான். சின்னஞ்சிறிய அடிகள்; ஆயினும் அவன் அடிவைக்குந்தோறும் நிலம் அழுந்தியது. இளஞாயிறு தரையில் நடந்து வருகின்றதோ என்று வேள்வி செய்தோர் மருண்டு எழுந்தனர். மாவலி எதிர்சென்று வணங்கி, அச்சிறுவனின் அடிகளைக் கழுவி, அந்நீரைத் தன் தலையில் தெளித்துக்கொண்டான்.

“அந்தணச் செல்வரே, தங்கள் வருகையால் என் குலம் தூய்மை பெற்றது. பசுவோ, பொன்னோ, ஊரோ, யானையோ, வேண்டுவன யாவையாயினும் கேளுங்கள்; தருகின்றேன்” என்றான் மாவலி.

வாமனன் மாவலியின் முன்னோரைப் பாராட்டிவிட்டு, “என் அடியால் மூன்றடி மண் தருக. அதுவே போதும்” என்றான்.

மாவலி நகைத்தான். “தாங்கள் பேசும் பேச்சு முதியோர் பேச்சாக இருக்கின்றது, கேட்ட பொருளோ குழந்தை கேட்கும் பொருளாக இருக்கின்றது. உலகுக்கெல்லாம் தலைவனாகிய என்னிடம் வந்தவர், பின்னொருமுறை பிறரிடம் சென்று இரத்தல் கூடாது. வாழ்க்கைக்குப் போதுமான நிலம் கேளுங்கள்” என்றான்.

“மூன்றடி மண்ணால் மனநிறைவு பெறாதவனுக்கு ஒரு பெருந்தீவைத் தந்தாலும் நிறைவு உண்டாகாது. ஏழு தீவுகளையும் ஆண்ட மன்னர்களும் ஆசையின் எல்லையைக் கண்டதில்லை. கிடைத்தது கொண்டு மகிழ்பவனே இன்புற்று வாழ்வான்” என்றான் வாமனன். மூவுலகும் கொண்டும் அமையாத ஒருவனிடம், மூவடி போதும் என்று ஒரு சிறுவன் கூறினான். அச்சொல்லின் கூர்மையை மாவலி அப்போது உணரவில்லை. “விரும்பியவாறே பெற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, நீர் வார்த்துக் கொடுப்பதற்காகக் கெண்டியைக் கையில் எடுத்தான்.

அப்போது சுக்கிராசாரியார் குறுக்கிட்டார். அறிவிற் சிறந்தவராகிய அவர், வந்தவன் யாரென்பதைக் கண்டுகொண்டார். “மன்னா, இவன் சிறுவன் அல்லன், திருமாலே இவ்வாறு வந்துள்ளான். ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளப்பான். மூன்றாம் அடிக்கு நீ இடம் எங்கே காண்பாய்? சொன்ன சொல்லை நிறைவேற்ற இயலாமல் நரகம் அடைவாய். கொடாதே” என்றார்.

அவர் கூறிய காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. “பொருளை ஐந்து கூறாக்கி, அறத்திற்கும், புகழிற்கும், மேலும் பொருளீட்டுதற்கும், தன் இன்பத்திற்கும், சுற்றத்திற்கும் பயன்படுத்துபவனே இருமையும் பெறுவான். தன் வாழ்வையே அழிக்கும் கொடையைச் சான்றோர் புகழார். உடம்பு என்பது மரம். வாய்மை அம்மரத்தின் பூவும் கனியும் ஆகும். மரமே சாய்ந்துவிட்டால் பூவேது? கனியேது? உயிருக்கு இடர் நேரும்போது பொய்யும் இழிவுடையது ஆகாது” என்று அவர் எடுத்துரைத்தார்.

மாவலி சிறிது நேரம் வாய்திறவாது நின்றான். ஒருபுறம் ஆசிரியரின் ஆணை. தன்னை வளர்த்து வாழ்வித்தவரின் அன்பு மொழி. மற்றொருபுறம் தான் கொடுத்த சொல். எதிரில் நிற்பவன் மாறுவேடம் பூண்டு வந்தவன். அவன் தன்னை முற்றும் அழிக்க வல்லவன். அத்தகையவனுக்குக் கொடுத்த சொல்லையும் காக்க வேண்டுமோ? எளியவனாகிய ஒரு சிறுவனுக்கு மூவடி மண் கொடுப்பதில் அருமை ஒன்றும் இல்லை. கொடுப்பது தன் வாழ்வு முழுவதையுமே என்று தெரிந்த பின்னர்க் கொடுப்பதன்றோ கொடை? மாவலியின் அறம் சோதிக்கப்பட்டது அவன் நீர் வார்த்த போதன்று. உண்மையை உணர்ந்தும் பின்வாங்காது நின்ற அந்தச் சிறுபொழுதிலேயாம்.

முடிவில் அவன் பேசினான். “ஆசிரியப் பெருந்தகையீர், தாங்கள் கூறியது இல்வாழ்வார்க்கு ஏற்ற அறமே. ஆயினும் பிரகலாதன் பேரன் ‘தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் பொருளாசையால் ‘தரேன்’ என்று மறுப்பது எவ்வாறு? எச்சுமையையும் தாங்கும் நிலமகளும் பொய்யனைத் தாங்குதல் அரிது என்று கூறியிருக்கின்றாளே! ததீசியும் சிபியும் தம் உயிரையே ஈந்தனர். நிலத்தை ஈதல் பெரிதோ? வந்தவர் திருமாலே ஆயினும் ஆகுக, பகைவரே ஆயினும் ஆகுக, கேட்டதைக் கொடுப்பேன்” என்றான். தம் சொல்லைக் கேளாத மாணவனைச் சுக்கிராசாரியார் சினந்து, “நீ செல்வத்தை இழப்பாய்” என்று சபித்தார். மாவலி அதற்கும் கலங்கவில்லை. அவன் மனைவி விந்தியாவலி பொற்குடத்தில் நீர் கொணர்ந்தாள். சுக்கிராசாரியார் வண்டாக உருமாறிக் கெண்டியின் மூக்கை அடைத்தார் என்றும், வாமனன் தருப்பைப் புல்லால் குத்த அவர் ஒரு கண்ணை இழந்தார் என்றும் மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. கொடுப்பதைத் தடுப்போர் அடையும் கேட்டினை அக்கதை உணர்த்துகின்றது.

இவ்விடத்தைக் கம்பர் தம் இராமாயணத்தில் மிகச் சிறப்பாகப் பாடியுள்ளார். சித்தாசிரமம் என்னும் தவச்சாலையின் வரலாற்றை விசுவாமித்திர முனிவர் இராம இலக்குவருக்கு உரைக்கும் பகுதியில் இக்கதை அமைந்துள்ளது. அங்கே மாவலி கூறும் மறுமொழி கொடையறத்தின் சாரமாகும். இறந்தவரெல்லாம் இறந்தவர் அல்லர், இரந்து வாழ்பவரே இறந்தவர் என்றும், கொடுத்தவர் மாண்டபின்னும் வாழ்கின்றனர் என்றும் அவன் கூறுகின்றான். தன் கை மேலே நிற்க, மேகம் போன்ற திருமாலின் கை கீழே தாழ்ந்து ஏற்குமாயின், அதனினும் சிறந்த பேறு வேறு யாதென்று வினவுகின்றான். அழிவு வரும் என்று ஆசிரியர் சுட்டிய அதே செய்தியை, பேறு வந்தது என்று மாணவன் கண்டான். காட்சி ஒன்றே; கண்கள் வேறு.

மாவலி நீர் வார்த்தான். கையில் நீர் வீழ்ந்த அளவில் குறளுருவம் வளரத் தொடங்கியது. மண்ணும் விண்ணும் திசைகளும் கடல்களும் அவ்வுருவத்துள் அடங்கின. ஓரடி நிலம் முழுவதையும் கவிந்தது. மற்றோரடி வானுலகையும் கடந்து, நான்முகன் உலகை எட்டியது. நான்முகன் அவ்வடியை நீரால் கழுவி வழிபட்டான். கரடி வேந்தனாகிய சாம்பவான் முரசறைந்து அவ்வெற்றியைத் திசைதோறும் அறிவித்தான். திரிவிக்கிரமன் என்று இவ்வுருவத்தைச் சொல்வர். ‘மூன்றடியால் அளந்தவன்’ என்பது அதன் பொருள். ‘உலகளந்தான்’ என்பது தமிழ் வழக்கு.

இதைக் கண்ட அசுர வீரர் வெகுண்டெழுந்தனர். “சிறிய உருவத்தைக் காட்டி மண் கேட்டுவிட்டுப் பேருருவத்தால் அளப்பது வஞ்சம்” என்று கூவிப் படைக்கலம் எடுத்தனர். மாவலியோ அவர்களைத் தடுத்தான். “காலம் இப்போது நமக்குத் துணையாக இல்லை, போரை விடுங்கள்” என்றான். கருடன் வருணனின் கயிற்றால் மாவலியைக் கட்டினான்.

“மூன்றடி தருவதாகச் சொன்னாய். இரண்டடியில் உலகெல்லாம் அடங்கிவிட்டது. மூன்றாம் அடிக்கு இடம் எங்கே?” என்று வினவினார் திருமால்.

நாடு போயிற்று, செல்வம் போயிற்று, ஆசிரியரின் அன்பும் போயிற்று, கைகளும் கட்டுண்டன. ஆயினும் மாவலியிடம் ஒன்று எஞ்சியிருந்தது. “பெருமானே, நரகத்திற்கு யான் அஞ்சவில்லை, கட்டுண்டதற்கும் வருந்தவில்லை. சொன்ன சொல் தவறியவன் என்னும் பழிக்கே அஞ்சுகின்றேன். மூன்றாம் அடியை என் தலைமேல் வைத்தருள்க” என்றான்.

அவ்வேளையில் பிரகலாதன் அங்கு வந்து சேர்ந்தான். “இந்திரப் பதவியை இவனுக்குத் தந்தவனும் நீயே, இன்று அதனை மீளக் கொண்டவனும் நீயே. தந்ததும் அழகு, கொண்டதும் அழகு” என்று இறைவனைத் தொழுதான். விந்தியாவலியோ, “மூவுலகையும் படைத்தவன் நீ. அவற்றை எமது என்று எண்ணியது எம் அறியாமை. உன் பொருளை உனக்கே நாங்கள் எவ்வாறு கொடுத்தல் இயலும்?” என்றாள். கொடுத்தவர் செருக்கு முற்றும் கரைந்துபோனதை அவள் சொல் காட்டுகின்றது. ‘யான் கொடுக்கின்றேன்’ என்று நகைத்து நின்ற மாவலி, ‘என்னிடம் கொடுப்பதற்குத் தலையன்றி வேறில்லை’ என்று பணிந்து நிற்கின்றான். மண்ணை அளந்ததும் விண்ணை அளந்ததும் இறைவனுக்கு எளியன. இம்மாற்றமே அவன் கருதி வந்த பயன்.

திருமால் மகிழ்ந்தார். “செல்வம் இழந்தான், கட்டுண்டான், சுற்றத்தார் நீங்கினர், ஆசிரியர் சபித்தார், ஆயினும் இவன் வாய்மையை விடவில்லை” என்று மாவலியைப் பாராட்டினார். விண்ணுலகினும் சிறந்த சுதலம் என்னும் கீழுலகை அவனுக்கு அளித்தார். வருங்காலத்தில் ஒரு மனுவின் ஊழியில் அவனே இந்திரனாவான் என்றும் வரமளித்தார். அதுவரை அவன் வாயிலில் தாமே காவல் நிற்பதாகக் கூறினார். வாயிலில் வந்து இரந்தவர், வாயில் காவலர் ஆனார். சுக்கிராசாரியாரையும் அழைத்து, மாணவன் தொடங்கிய வேள்வியில் நேர்ந்த குறைகளை நிரப்பி முடிக்குமாறு பணித்தார். அவரும் அவ்வாறே செய்தார் என்று பாகவதம் கூறுகின்றது.

தமிழ் நாட்டில் இக்கதை மிகப் பழங்காலத்திலேயே பரவியிருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார், கடல்நீரைப் பருகி எழும் கார்மேகத்திற்கு, கையில் நீர் வீழ்ந்ததும் நிமிர்ந்தெழுந்த திருமாலை உவமையாக்கினார். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, திருமாலுக்குரிய ஓண நன்னாள் மதுரையில் கொண்டாடப்பட்டதைக் கூறுகின்றது. திருவள்ளுவர், மடியின்மை என்னும் அதிகாரத்தில், சோம்பல் இல்லாத வேந்தன் அடியளந்தவன் தாவிய பரப்பு முழுவதையும் பெறுவான் என்று கூறியுள்ளார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலும், ஆழ்வார்களின் பாசுரங்களிலும் உலகளந்த செய்தி பலவிடத்தும் பயில்கின்றது. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒருங்கு கூடியதாகக் கூறப்படும் திருக்கோவலூரில் எழுந்தருளியிருப்பவர் உலகளந்த பெருமாளே. காஞ்சிபுரத்திலும் உலகளந்த பெருமாளுக்குத் தனிக் கோயில் உண்டு.

சிற்பிகளும் இக்கதையில் ஈடுபட்டனர். கருநாடக மாநிலத்தில், பண்டு வாதாபி என வழங்கிய பாதாமியில், சாளுக்கியர் குடைந்த மூன்றாம் குகைக்கோயில் உள்ளது. கி. பி. 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அக்கோயிலில் காணப்படுகின்றது. அங்கே காலை உயரத் தூக்கி நிற்கும் திரிவிக்கிரமன் உருவம் காண்போர் உள்ளத்தைக் கவர்வது. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும், எட்டுக் கைகளுடன் ஓரடியை விண்ணோக்கி நீட்டி நிற்கும் உலகளந்தான் உருவம் பாறையில் வடிக்கப்பட்டுள்ளது. கடல் கடந்த கம்போடிய நாட்டிலும், 921-ஆம் ஆண்டில் செங்கல்லால் எழுப்பப்பட்ட பிரசாத் கிராவன் என்னும் கோயிலின் உட்சுவரில், கால் அகற்றி நடக்கும் திருமாலைக் காணலாம்.

இறைவன் செய்தது முறையோ என்னும் வினா பழமையானது. அசுர வீரர் எழுப்பிய வினாவைப் புராணம் மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. மாவலி வஞ்சிக்கப்பட்ட நல்லரசன் என்று இரங்குவோர் இன்றும் உளர். பிறர் உலகைக் கவர்ந்தவன் அதனை இழந்தது முறையே என்பார் மற்றொரு சாரார். ஆயினும் இருசாராரும் ஒருங்கு உடன்படும் உண்மை ஒன்று உண்டு. மாவலி வலிமையால் தோற்கடிக்கப்படவில்லை. தன் சொல்லால் கட்டுப்பட்டான். வருணனின் கயிறு அவனைக் கட்டுமுன்னரே அவனுடைய வாய்மொழி அவனைக் கட்டியிருந்தது. ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லைச் சொல்லியிருப்பின் அவன் மூவுலகையும் காத்திருக்கலாம். அச்சொல்லைச் சொல்ல அவன் நா எழவில்லை.

இதனாலேயே மக்கள் அவனை மறக்கவில்லை. கேரள நாட்டில் சிங்கத் திங்களில் அத்தம் நாள் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் முற்றத்தில் பூக்கோலம் இடுவர். தன் குடிகளைக் காண ஆண்டுக்கொருமுறை மாவலி வருகின்றான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏழையின் குடிலிலும் அன்று விருந்து உண்டு. மன்னன் வரும்போது குடிகள் வாடியிருத்தல் ஆகாது என்று கருதுவர். பூக்களின் நடுவே களிமண்ணால் கூம்பு வடிவில் செய்த திருக்காக்கரையப்பன் உருவங்களை வைத்து வணங்குவர். திருக்காக்கரையில் கோயில் கொண்டிருப்பவர் வாமனர். ஆக, ஒரே விழாவில் ஏற்றவரும் வணங்கப்படுகின்றார், ஈந்தவனும் வரவேற்கப்படுகின்றான். மகாராட்டிர நாட்டிலும் தீபாவளியை அடுத்த வளர்பிறை முதல் நாள் பலியின் பெயரால் கொண்டாடப்படுகின்றது. ‘இடரும் துன்பமும் ஒழிக, பலியின் ஆட்சி வருக’ என்னும் கருத்துடைய வாழ்த்தை அங்குள்ள உழவர் குடும்பத்துப் பெண்டிர் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

வென்ற அரசர் பலரின் பெயர்கள் மண்ணோடு மறைந்தன. தோற்ற ஒருவனின் பெயர் பூக்கோலங்களின் நடுவே வாழ்கின்றது. மூவுலகையும் ஆண்டபோது மாவலி அடைந்த பெருமை அந்த ஆட்சியோடு முடிந்தது. மூவடி மண்ணுக்காகக் கொடுத்த சொல்லைக் காத்தபோது அவன் அடைந்த பெருமை முடியவில்லை. உலகளந்த திருவடியாலும் அளக்கலாகாததாய் நின்றது அவன் வாய்மை. அத்திருவடி தங்குதற்கு இடமானது, அவ்வாய்மையின் முன் தாழ்ந்த அவன் தலையேயாகும்.